மேட்டுக் காற்றும் கூடத்து ஹெலிகாப்டரும்

உடும்பஞ்சோலைத் தாலுகாவில் இருப்பவர்களுக்குக் காற்றைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. ராமக்கல்மேட்டில் காற்றாலைகளை நட்டதே அதை நம்பித்தான். சில பத்து கிராம் எடையுள்ள பொம்மை ஹெலிகாப்டரை அங்கே வாசலில் ஏற்றினால், மறுநொடி ஏலத்தோட்டத்துக்குள் தேட வேண்டியதுதான். அதனால் எங்கள் மலையில் இது கூடத்துக்குள் விளையாடும் விளையாட்டாகவே இருந்துவருகிறது. சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்குப் போகிறவர்கள் வாங்கி, போடிமெட்டு வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ மேலே கொண்டுவருவார்கள். அந்தக் கோடையில் காய் பறிப்பு ஓய்ந்திருக்கும். ஏலக்காய் ஸ்டோர் காலியாகக் கிடக்கும். பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

நெடுங்கண்டத்தில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். இந்தப் பொம்மைகளும் என் மேசைக்கு வரும். பிரித்துப் பார்க்கப் பார்க்க ஒன்று உறுதியாயிற்று: செல்போன் இல்லாவிட்டால் இவை பிறந்தே இருக்காது.

ரிமோட் ஹெலிகாப்டர் அதற்கு முன்பே உண்டு. ஜெர்மனியின் டீட்டர் ஷ்லூட்டர் 1970 வாக்கிலேயே நன்றாகப் பறக்கும் மாதிரிகளைச் செய்துகாட்டினார். ஆனால் அவை மெத்தனால் கலந்த எரிபொருளில் ஓடும் இன்ஜின் பொருத்திய, கிலோக்கணக்கில் எடையுள்ள எந்திரங்கள். திறந்த மைதானம் வேண்டும். மேல் இறக்கை ஒரு பக்கம் சுழன்றால் உடல் எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும்; வால் இறக்கையால் அதை ஓயாமல் சரிக்கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். புதிதாகப் பழகுகிறவர் கையில் அது நிமிடக்கணக்கில்கூடத் தங்காது.

கனம் குறைந்தது பேட்டரியால்தான். பழைய நோக்கியா போன்களில் கிடந்த பி.எல்.5சி பேட்டரியும் 3.7 வோல்ட், இந்தப் பொம்மைக்குள் இருக்கும் லித்தியம் பாலிமர் பேட்டரியும் 3.7 வோல்ட். போனை அதிரவைக்கும் மோட்டாரின் நெருங்கிய உறவினர்தான் இதன் குட்டி மோட்டார்கள். பெல்ஜியத்துக்காரர் அலெக்சாண்டர் வான் டி ரோஸ்டைன் ஏழு கிராமுக்கும் குறைவான பிக்சலிட்டோவைச் செய்தார். அவருடைய வடிவமைப்பை வைத்து ஹாங்காங்கின் சில்வர்லிட் 2006இல் பிகூஸ் என்ற நுரை உடல் பொம்மையை விற்றது. ஏறும், இறங்கும், திரும்பும். முன்னால் போகும்படி ரிமோட்டால் சொல்ல முடியாது.

2010ஐ ஒட்டி வந்த சைமா எஸ்107தான் உண்மையான மாற்றம் என்பேன். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு இறக்கைகள், எதிரெதிர்த் திசையில் சுழலும். உடலைத் திருப்பும் விசையை ஒன்றுக்கொன்று அடித்துவிடும். நம் கடற்படையின் காமோவ் 31 ஹெலிகாப்டரும் இதே அமைப்புதான். போதாததற்கு உள்ளே ஒரு கைரோ சிப். திரும்ப நினைக்கும் உடலை அதுவே பிடித்து நிறுத்தும். வாலில் படுத்தவாக்கில் இருக்கும் சின்ன விசிறி மூக்கைத் தாழ்த்தி முன்னே செலுத்தும். முக்கால் மணி நேரம் சார்ஜ் போட்டால் எட்டு நிமிடம் பறக்கலாம்.

எதை வாங்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு இன்றைக்கும் என் பதில் இந்த வம்சம்தான்: இரட்டை இறக்கை, மூன்று சேனல் (ஏற்றி இறக்க, திருப்ப, முன்னே செலுத்த என்று ரிமோட்டில் மூன்று கட்டளை), கைரோ, மாற்று இறக்கை தனியாகக் கிடைக்கிற மாடல். ஒற்றை இறக்கையும் நான்கு சேனலும் உள்ளது பக்கவாட்டிலும் நழுவும். பழகாத கையில் நேரே சுவருக்குப் போகும். அது இரண்டாவதாக வாங்க வேண்டியது. இன்ஃப்ராரெட் ரிமோட் ஜன்னல் வெயிலில் தடுமாறும், 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ ரிமோட்டுக்கு அந்தக் கவலை இல்லை. பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 ஜனவரியிலிருந்து கட்டாயம். பெட்டியில் அதைப் பாருங்கள்.

என்னிடம் வருபவற்றில் அதிகம் பல் தேய்ந்த கியர்களும் உப்பிய பேட்டரிகளும். இறக்கை எதிலாவது முட்டிய கணமே ஏற்றும் குச்சியைக் கீழே இறக்கிவிட்டால் கியர் பிழைக்கும். தூக்கும் பலம் குறைந்ததும் நிறுத்தி, சூடு ஆறிய பிறகு சார்ஜ் போட்டால் பேட்டரி நீடிக்கும். உப்பிவிட்டால் அதைத் திரும்பச் சார்ஜில் போடவே கூடாது.

கூடத்து மின்விசிறியை அணைத்துவிட்டு ஏற்றுங்கள். தரையை ஒட்டிப் பறந்தால் பத்திரம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். இறக்கை தள்ளும் காற்று தரையில் மோதித் திரும்பி அங்கேதான் அதை அலைக்கழிக்கும். இடுப்பு உயரம் வரை தயங்காமல் ஏற்றி, அங்கே நிறுத்திப் பழகட்டும்.