யட்டியாந்தோட்டைப் புகையிரத நிலையம்: ஒரு கிளைப்பாதையின் சமூக வரலாறு

இலங்கைப் புகையிரதப் பாதைகளின் வரலாறு பெரும்பாலும் பொறியியல் சாதனைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. குடைவழிகள், பாலங்கள், ஏற்றங்கள் ஆகியன பற்றி நாம் நிறைய அறிகின்றோம். அப்பாதைகள் யாருடைய தேவைக்காக அமைக்கப்பட்டன, யாருடைய தேவை முடிந்ததும் கைவிடப்பட்டன என்ற வினாக்களோ அரிதாகவே எழுப்பப்படுகின்றன. களனிப் பள்ளத்தாக்குப் பாதையின் முடிவிடமாக ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் விளங்கி, பின்னர் மறைந்துபோன யட்டியாந்தோட்டை நிலையத்தை முன்னிறுத்தி அவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

கொழும்பையும் கண்டியையும் இணைத்த முதலாவது பெரும்பாதை 1867இல் நிறைவெய்தியது. அது கோப்பி முதலாளித்துவத்தின் குழந்தை. இலைநோயினாற் கோப்பி வீழ்ச்சியுற்றுத் தேயிலை அதன் இடத்தைப் பிடித்தபோது, மூலதனம் மலையுச்சிகளில் மட்டுமன்றிக் களனி ஆற்றின் தாழ்ந்த பள்ளத்தாக்கிலும் காலூன்றியது. தொடக்கத்தில் இப்பகுதியின் விளைபொருள்கள் ஆற்றுவழியே தட்டையான சரக்குப் படகுகளிற் கொழும்பு சென்றன. யட்டியாந்தோட்டை அப்படகுப் போக்குவரத்தின் மேல்துறையாக விளங்கியது. ஆற்றின் பெருக்கையும் வற்றலையும் நம்பியிருக்க முடியாத தோட்டத்துரைமார் இருப்புப்பாதை கோரியதில் வியப்பில்லை.

குடியேற்ற அரசு அக்கோரிக்கையை ஏற்ற முறை கவனிக்கத்தக்கது. பெரும்பாதையின் அகலம் 5 அடி 6 அங்குலம். களனிப் பள்ளத்தாக்கிற்கு வழங்கப்பட்டதோ 2 அடி 6 அங்குலக் குறும்பாதை. 1902இல் அவிசாவளையையும் 1903இல் யட்டியாந்தோட்டையையும் அது எட்டியது. பின்னர் அவிசாவளையிலிருந்து பிரிந்த மற்றொரு கிளை 1912இல் இரத்தினபுரிக்கும் 1919இல் ஓப்பநாயக்கவிற்கும் நீண்டது. செலவைக் குறைத்து, ஏற்றுமதிப் பொருளைத் துறைமுகத்திற்குச் சேர்க்கும் அளவிற்கு மட்டுமே அமைக்கப்பட்ட ஊட்டுப்பாதை இது என்பது அதன் அகலத்திலேயே புலனாகின்றது.

இந்தியாவில் இருப்புப்பாதை புதுக் கைத்தொழிலின் முன்னோடியாக அமையும் என 1853இல் மார்க்ஸ் எதிர்பார்த்தார் என்பதும், குடியேற்ற ஆட்சியின் நுகத்தை அகற்றும்வரை அதன் பலனை அம்மக்கள் அனுபவிக்கமாட்டார்கள் என்று அவரே சேர்த்துக் கூறினார் என்பதும் நாம் அறிந்தவை. முதற் பகுதியை மட்டும் பற்றிக்கொண்டு புகையிரதத்தை முன்னேற்றத்தின் மறுபெயராகக் கொள்வோர் யட்டியாந்தோட்டையை நோக்குதல் வேண்டும். இப்பாதை வந்தபின் பள்ளத்தாக்கிலே தேயிலையோடு இறப்பரும் பெருகியது. அவற்றைப் பதப்படுத்தும் தோட்டத் தொழிற்சாலைகளுக்கு அப்பாற்பட்ட சுதந்திரமான கைத்தொழில் வளர்ச்சி எதற்கும் அது வித்திடவில்லை.

2

இந்நிலையத்தினூடாகச் சென்ற சரக்கிற்கும், அச்சரக்கை உற்பத்தி செய்த மனிதருக்கும் இடையிலிருந்த முரண்பாட்டை இங்கு மனங்கொள்ளல் வேண்டும். தேயிலைப்பெட்டி தடையின்றிப் பயணஞ் செய்தது. அதனை நிரப்பிய தமிழ்த் தொழிலாளியோ, கங்காணியிடம் பட்ட கடன் தீர்ந்ததற்கான ‘துண்டு’ இன்றி ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றிற்குச் செல்ல இயலாதிருந்தான். துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. அதாவது யட்டியாந்தோட்டைக்குப் புகையிரதம் வந்து பதினெட்டு ஆண்டுகளாக, தண்டவாளத்தின் அருகிலேயே வாழ்ந்த தொழிலாளிக்கு நடமாடும் உரிமை முழுமையாக இருக்கவில்லை. பண்டத்திற்கு இருந்த சுதந்திரம் அதைப் படைத்தவனுக்கு இல்லாமற்போனமை குடியேற்ற முதலாளித்துவத்தின் சாரத்தையே காட்டுவதாகும்.

ஆயினும் இப்பள்ளத்தாக்கு வெறும் சுரண்டற் களமாக மட்டும் இருந்துவிடவில்லை. 1934–35இல் மலேரியாக் கொள்ளைநோய் கேகாலை மாவட்டத்தைச் சூறையாடியபோது சூரியமல் இயக்கத்தினர் இங்கு நிவாரணப் பணியில் ஈடுபட்டனர். பருப்பு விநியோகித்த என்.எம். பெரேரா ‘பருப்பு மாத்தயா’ எனச் சிங்களக் கிராமத்தவரால் அழைக்கப்பட்டார். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியது. மறு ஆண்டு அரசாங்க சபைத் தேர்தலில் அவிசாவளையில் பிலிப் குணவர்த்தனாவும் ருவான்வெல்லையில் என்.எம். பெரேராவும் வெற்றியீட்டினர். இலங்கையின் இடதுசாரி இயக்கம் முதன்முதலிற் சட்டமன்றத்தில் இடம்பிடித்தது இக்குறும்பாதை ஓடிய நிலப்பரப்பிலிருந்தே என்பது தற்செயலன்று. தோட்டமும் கிராமமும் நெருங்கியமைந்த இப்பகுதியில் வறுமை இன எல்லையைக் கடந்ததாக இருந்தது.

3

1942இல் யட்டியாந்தோட்டைக் கிளை மூடப்பட்டுத் தண்டவாளங்கள் கழற்றப்பட்டன. அவ்வாண்டின் பிற நிகழ்ச்சிகளோடு இதனை இணைத்து நோக்கும்போதே இதன் பொருள் துலங்கும். பெப்ரவரியிற் சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயாவின் இறப்பர் நேசநாடுகளின் கைவிட்டுப் போனதால் இலங்கையின் இறப்பர் அவற்றிற்கு இன்றியமையாததாயிற்று. ஏப்பிரலிற் கொழும்பு குண்டுவீச்சுக்கு உள்ளாயிற்று. அதே மாதம், சிறைவைக்கப்பட்டிருந்த பிலிப், என்.எம். ஆகிய சமசமாஜத் தலைவர்கள் கண்டியிலிருந்து தப்பினர்.

இறப்பருக்கு என்றுமில்லாத தேவை எழுந்த ஆண்டிலேயே இறப்பர்ப் பள்ளத்தாக்கின் இருப்புப்பாதை அகற்றப்பட்டமை முதற்பார்வைக்கு முரணாகத் தோன்றலாம். உண்மையில் அதில் முரணேதும் இல்லை. வீதியும் லொறியும் அதற்குள் தோட்டச் சரக்கை ஏற்றும் நிலைக்கு வந்துவிட்டன. மூலதனத்திற்கு வேறு வழி இருந்தது. மூன்றாம் வகுப்புப் பயணியின் தேவை ஒரு வாதமாகவே கருதப்படவில்லை.

அதே 1942இற் கடலுக்கப்பால் வேறொரு பாதை அமைக்கப்படலாயிற்று. சயாமையும் பர்மாவையும் இணைக்க யப்பானிய இராணுவம் அமைத்த 415 கிலோமீற்றர்ப் பாதையில் ஏறத்தாழ அறுபதினாயிரம் நேசநாட்டுப் போர்க்கைதிகளோடு அவர்களைவிடப் பன்மடங்கான ஆசியத் தொழிலாளரும் வருத்தப்பட்டனர். மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டோரில் பெரும்பான்மையினர் தோட்டத் தமிழராவர். கைதிகளில் மாண்டோர் பன்னீராயிரத்திற்கு மேல். ஆசியத் தொழிலாளரில் மாண்டோர் அதனினும் மிகப் பலர்.

வரலாற்றின் கொடிய நகை இதன்பின்னரே நிகழ்ந்தது. அப்பாதையைப் பொருளாகக் கொண்ட டேவிட் லீனின் ‘குவாய் ஆற்றுப் பாலம்’ என்னும் திரைப்படம் (1957) யட்டியாந்தோட்டைக்கு மேலேயுள்ள கித்துல்கலையில் படமாக்கப்பட்டது. உண்மையான பாதை பிடுங்கப்பட்ட பள்ளத்தாக்கிலே, திரைக்காகப் பாலமொன்று களனி ஆற்றின் குறுக்கே எழுப்பப்பட்டுத் தகர்க்கப்பட்டது. அப்படத்தின் மையம் ஆங்கில அதிகாரியின் மானமும் பிடிவாதமுமே. மாண்ட தமிழ்த் தொழிலாளிக்கு அதில் இடமில்லை. அவனுடைய கதையை எழுத ‘சயாம் மரண ரயில்’ என்ற நாவலைத் தந்த மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் போன்றோர் வரவேண்டியிருந்தது. ஒடுக்கப்பட்டோரின் வரலாற்றைப் பிறர் எழுதித்தருவர் எனக் காத்திருத்தல் வீண் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

4

1948இன் பிரசாவுரிமைச் சட்டம் இப்பள்ளத்தாக்கின் தமிழ்த் தொழிலாளரை நாடற்றோராக்கியது. அடுத்த ஆண்டு அவர்களது வாக்குரிமையும் போயிற்று. இடதுசாரிகள் அன்று அதனை எதிர்த்தனர். எனினும் 1970இல் அமைந்த கூட்டரசாங்கத்தில் யட்டியாந்தோட்டைத் தொகுதியின் உறுப்பினரான என்.எம். பெரேரா நிதியமைச்சராகவும், லெஸ்லி குணவர்த்தனா போக்குவரத்து அமைச்சராகவும் 1975வரை இருந்தபோதும் இப்பாதை மீட்கப்படவில்லை. அத்தசாப்தத்திலேயே இரத்தினபுரி, ஓப்பநாயக்கக் கிளையும் மூடப்பட்டது. 1990களில் அவிசாவளை வரையிலான பகுதி அகலப்பாதையாக்கப்பட்டது. அதற்கப்பால் எதுவும் மீள அமையவில்லை.

இதனைத் தனிமனிதரின் தவறாகச் சுருக்குதல் பொருந்தாது. இலாபத்தைக் கொண்டு பொதுப் போக்குவரத்தை அளக்கும் குடியேற்றக் கால அளவுகோல், ஆட்சி மாறியபின்னும் அரசுப் பொறியமைப்பில் நிலைத்திருந்தது. அதனைக் கைப்பற்றியோர் அதனாலேயே கைப்பற்றப்பட்டனர். வாக்குரிமையற்ற தொழிலாளிக்கு அந்த அளவுகோலை வினவும் வலிமை இருக்கவில்லை. ஆகவே ஒரு சிற்றூர் நிலையம் ஏன் மூடப்பட்டது என்ற வினா, அச்சிற்றூரின் மக்களில் எவர் பிரசையாக எண்ணப்பட்டனர் என்ற வினாவிலிருந்து பிரிக்க முடியாதது. நமது பெருந்தோட்ட ஆய்வுகள் இவ்விரு வினாக்களையும் ஒருசேர எடுத்துக்கொள்ளும்போதே, தண்டவாளமற்ற இப்பள்ளத்தாக்கின் வரலாறு அதன் மக்களின் வரலாறாக மாறும்.