கல்லறையில்லா முன்னோரும் கப்பலேட்டுப் பெயர்களும்

முன்னோர் வாழ்ந்த மண்ணை நாடி வழித்தோன்றல்கள் ஒன்றுகூடிச் செல்லும் வழக்கம் எல்லா நாடுகளிலும் உண்டு. பிழைப்பு நாடிப் பல ஊர்களில் சிதறிய பங்காளிகள் ஆண்டுக்கொருமுறை குலதெய்வக் கோயிலில் கூடிப் பொங்கலிடுவதும் அதன்பாற்பட்டதே. அவ்வாறு தேடிச் செல்வோருள் இரு சாரார் ஒப்புநோக்கத்தக்கவர். ஒரு சாரார், இங்கிலாந்தில் தோன்றிய குவேக்கர் என்னும் சமயக் குழுவினரின் வழிவந்தோர். மற்றொரு சாரார், செங்கல்பட்டுச் சீமையிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய ஒப்பந்தக் கூலிகளின் வழிவந்தோர். நிலத்தாலும் நிறத்தாலும் வேறுபட்ட இவர்களுக்குள் ஓர் ஒற்றுமை உண்டு. இரு சாராரின் முன்னோரிலும் பெரும்பாலோர்க்குப் பெயர் பொறித்த கல்லறை இல்லை. அவர்களைக் காட்டித் தருவது ஏடு ஒன்றே.

தாமே எழுதிய ஏடு

1652ஆம் ஆண்டு ஜார்ஜ் பாக்ஸ் என்பார் வட இங்கிலாந்தில் பெண்டில் குன்றின் மேல் ஏறி நின்று, திரளாகக் கூடவிருக்கும் மக்களை மனக்கண்ணில் கண்டதாகக் கூறினார். பின்னர் அப்பகுதியின் குன்றுகளிலும் வெளிகளிலும் பேசினார். சுவார்த்மூர் என்னும் மாளிகையின் தலைவியாகிய மார்கரெட் பெல் அவர்தம் கொள்கையை ஏற்றுக் குழுவின் தாயாக விளங்கினார். குருமார் இல்லை, சடங்கில்லை, அமைதியாக அமர்ந்திருப்பதே வழிபாடு. உயர்ந்தோர் முன் தொப்பியைக் கழற்ற மறுத்தனர். பிரபுவையும் பணியாளையும் ஒரே ஒருமைச் சொல்லால் விளித்தனர். மரியாதைப் பன்மை ஊறிய மொழியினராகிய நமக்கு இஃது எத்தகைய துணிவு என்பது விளங்கும். அத்துணிவுக்கு விலையாகப் பலர் சிறை புகுந்தனர். 1681இல் வில்லியம் பென் பென்சில்வேனியாவுக்கான அரசுரிமையைப் பெற்றபின், பல குடும்பங்கள் அட்லாண்டிக் கடலைக் கடந்தன.

அக்குடும்பங்களின் வழித்தோன்றல்கள் இன்று இங்கிலாந்துக்கு வந்து சுவார்த்மூர் மாளிகையையும், 1675இல் எழுந்த பிரிக்பிளாட்சு வழிபாட்டு மனையையும், 1688இல் எழுந்த ஜோர்டன்சு மனையையும் காண்கின்றனர். ஜோர்டன்சில் பென் அடக்கம் செய்யப்பட்டுள்ளார். ஆயினும் அங்குள்ள சிறு கற்கள் பிற்காலத்தவர் நட்டவை. இறந்தபின்னும் ஒருவர் மற்றவரினும் உயர்ந்து தோன்றலாகாது என்பதால் பழைய குவேக்கர்கள் நடுகல்லைத் தவிர்த்தனர். எளிய கற்களுக்கு அவர்தம் ஆண்டுப் பேரவை இசைவளித்தது 1850இல்தான்.

கல்லை விலக்கியவர்கள் எழுத்தைப் போற்றினர். பிறப்பு, திருமணம், இறப்பு ஆகிய மூன்றையும் தம் கூட்டத்தின் ஏட்டில் தாமே பதிந்தனர். திருமண ஆவணத்தில் மணமக்கள் மட்டுமல்லர், வந்திருந்தோர் அனைவரும் சான்றாளராகக் கையொப்பமிட்டனர். மாதங்களுக்குப் பிற சமயத் தெய்வங்களின் பெயர் கூடாதென்று முதல் மாதம், இரண்டாம் மாதம் என எண்ணால் குறித்தனர். பிற்காலத்தில் இவ்வேடுகளை அரசு பெற்றுக்கொண்டபோது, அவற்றின் சுருக்கங்களைப் படியெடுத்துத் தம்மிடம் வைத்துக்கொண்ட பின்னரே ஒப்படைத்தனர். முன்னோரைத் தேடுவோர்க்கு மாளிகையினும் பெருந்துணை இவ்வேடுகளே.

அடிமை ஒழிப்பும் கூலிக் கப்பலும்

எல்லோரையும் ஒருமையில் அழைத்த குழு அடிமை வணிகத்தை எதிர்த்ததில் வியப்பில்லை. எனினும் அவ்வெதிர்ப்பு உடனே முழுமை பெறவில்லை. குவேக்கர்களிலும் அடிமைகளை வைத்திருந்தோர் இருந்தனர். 1688இல் பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் நால்வர் கையெழுத்திட்டு அளித்த கண்டன முறையீடு தம் சொந்தக் குழுவினரை நோக்கியதே. 1787இல் இலண்டனில் அமைந்த அடிமை வணிக ஒழிப்புக் குழுவின் முதல் 12 உறுப்பினரில் 9 பேர் குவேக்கர். 1807இல் பிரித்தானிய நாடாளுமன்றம் அவ்வணிகத்தைத் தடை செய்தது. 1838இல் அதன் குடியேற்றங்களில் அடிமைகள் முற்றும் விடுதலை பெற்றனர்.

விடுதலை பெற்றோர் விட்டுச் சென்ற கரும்புக் கொல்லைகளுக்கு ஆள் தேடியபோதுதான் தோட்ட முதலாளிகளின் பார்வை இந்தியாவின்மேல் விழுந்தது. 1834 நவம்பர் 2இல் அட்லசு என்னும் கப்பல் மொரீசியசை அடைந்தது. பர்மிங்காம் குவேக்கரான ஜோசப் ஸ்டர்ஜ் முன்னின்று 1839இல் தோற்றுவித்த அடிமை எதிர்ப்புச் சங்கம், இது வேறு பெயரில் வந்த அடிமைமுறை என்று குரல் எழுப்பியது. சிலகாலம் தடையும் வந்தது; 1842இல் மொரீசியசுக்கு மீண்டும் வழி திறக்கப்பட்டது. மறுவருடம், 1843இல், இந்தியாவில் அடிமையுரிமையை நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என்னும் ஐந்தாம் சட்டம் பிறந்தது. சட்டம் வந்தாலும் செங்கல்பட்டின் வயல்களில் பண்ணையடிமை வழக்கம் எளிதில் மறையவில்லை. 1891இல் அம்மாவட்ட ஆட்சியர் டிரெமென்கீர் எழுதிய அறிக்கை, குடியிருக்கும் மனைக்கட்டும் தமக்குரியதாக இல்லாத பறையர்களின் நிலையை விரித்துரைத்தது. 1892இல் பஞ்சமி நில ஒதுக்கீட்டுக்கு அதுவே அடிகோலியது.

பிறர் எழுதிய ஏடு

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட டுரூரோ என்னும் கப்பல் 342 பேருடன் நவம்பர் 16இல் நேட்டால் துறையை அடைந்தது. அக்காலத்தில் சென்னைக்குக் கட்டப்பட்ட துறைமுகம் இல்லை. கப்பல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். கரையிலிருந்து மசூலாப் படகுகள் அலையைப் பிளந்து ஆட்களைக் கொண்டு சேர்க்கும். அவர்கள் கடைசியாக மிதித்த இடம் வெறும் மணல். வழித்தோன்றல்கள் வந்து தொட்டுப் பார்க்க அங்கே படிக்கட்டும் இல்லை. மொரீசியசிலோ, வந்திறங்கியோர் ஏறிய ஆப்பிரவாசி காட்டின் படிகள் எஞ்சியிருந்து 2006இல் உலக மரபுச் சின்னமாயின.

1860 முதல் 1911 வரை நேட்டாலுக்குச் சென்ற ஒப்பந்தக் கூலிகள் ஏறத்தாழ 1,52,000 பேர். ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் சென்னைவழிச் சென்றவர். பல சாதியினரும் சென்றனர். 1876-78இன் தாது வருடப் பஞ்சம் போன்ற கொடுங்காலங்கள் அவர்களை உந்தின. ஒவ்வொருவர்க்கும் ஓர் எண் இட்டனர். கப்பலேட்டில் அவ்வெண்ணின் எதிரே பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம் ஆகியன வரிசையாக எழுதப்பட்டன.

ஒருபுறம் இது சரக்குப் பட்டியல் போன்றது. தழும்பையும் மச்சத்தையும் குறித்தது, தப்பியோடினால் பிடிப்பதற்கும் உதவும். மறுபுறம், பிறந்த ஊரின் மிராசுக் கணக்கிலோ பட்டாவிலோ இடம்பெறாத ஏழையின் பெயர், தந்தை பெயரோடும் ஊர்ப் பெயரோடும் எழுதப்பட்ட ஏடு இஃதொன்றேயாகவும் இருக்கலாம். குவேக்கர் தம் பெயரைத் தாமே எழுதினர். கூலியின் பெயரை எழுத்தன் தன் செவிக்கு எட்டியவாறு எழுதினான். முதலியார் மூட்லி ஆனதும் கவுண்டர் கோவெண்டர் ஆனதும் இவ்வாறே. இச்சிதைந்த வடிவங்களே தென்னாப்பிரிக்காவில் குடும்பப் பெயர்களாக இன்றும் வாழ்கின்றன.

இம்மக்களின் துயரம் தமிழ்க் கவிதைக்குப் புதிதன்று. 'பிஜித் தீவிலே ஹிந்து ஸ்திரீகள்' என்று தலைப்பிட்டுப் பாரதி பாடினார். 1914இல் உயிர்நீத்த வள்ளியம்மை ஜோகன்னசுபர்க்கில் பிறந்தவர். ஆயினும் பெற்றோரின் ஊரால் தில்லையாடி வள்ளியம்மை என்றே அறியப்படுகிறார். காந்தியடிகள் 1915இல் அவ்வூருக்கே வந்தார். ஓர் ஊர்ப்பெயர் கடல்கடந்த தலைமுறையை மீண்டும் மண்ணோடு பிணைத்தற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

ஊர்ப்பெயரைக் காத்தல்

கப்பலேட்டின் படியுடன் வருகின்றவர் 'சிங்கில்பட்' என்ற ஆங்கில வடிவைக் கொண்டுவருகிறார். பழைய செங்கல்பட்டு ஜில்லாவோ பொன்னேரி, திருவள்ளூர் வரை பரந்து கிடந்தது. 1997இல் மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் எனப் பிரிந்தது. 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமாக மீண்டது. ஊரப்பாக்கம், கிளாம்பாக்கம், மண்ணிவாக்கம், மேடவாக்கம் எனப் பாக்கமும் வாக்கமும் நிறைந்த நாடு இது. நெய்தல் நிலத்து ஊரைக் குறித்த பழஞ்சொல் உள்நாட்டிலும் பரவி நிற்கிறது. ஒலியொத்த ஊர்கள் பல இருக்க, ஆங்கில எழுத்தில் திரிந்த ஒரு பெயர் எவ்வூரைச் சுட்டும் என்று தேர்வதற்கு உள்ளூர் நினைவு ஒன்றே துணை.

அந்நினைவு இன்று தேய்ந்து வருகிறது. பெருந்தெற்குச் சாலையின் இருமருங்கும் வயல் மனையாகியது; ஏரிக்கரையும் களத்துமேடும் சேரியும் நகர் என்றும் அவென்யூ என்றும் புதுப்பெயர் சூடின. 2023 இறுதியில் கிளாம்பாக்கத்தில் பேருந்து முனையம் திறக்கப்பட்டபின் அவ்வோட்டம் மேலும் விரைந்தது. வளர்ச்சி வேண்டுவதே, ஆயினும் சிற்றூரின் பழம்பெயரை அறிந்த கடைசி முதியவர் மறையும் நாளில், கடலுக்கு அப்பாலிருக்கும் ஏட்டின் ஒரு வரி பொருளிழக்கும்.

நடுகல் இல்லாத குவேக்கர் முன்னோரை அவர்தம் கூட்டத்தார் எழுதிவைத்த ஏடுகள் காத்தன. செங்கல்பட்டின் முன்னோர்க்கு அக்கரையில் ஏடு உண்டு. இக்கரையில் அதற்கு ஈடான ஏடு எழுதப்படவேண்டும். ஏரி, மதகு, திடல், சேரி, களம், குலதெய்வம் என்று பழம்பெயர்களைக் கேட்டுத் தொகுப்பதற்குப் பெரும் பொருள் வேண்டா. செவியும் சொல்லுணர்வும் உடையார் வேண்டும். அவ்விரண்டும் கவிஞர்க்கு இயல்பானவை. பெயரைத் தேடி வருவோர் கேட்பது மாளிகையன்று. தம் பாட்டன் பிறந்த ஊர் இதுதான் என்று பிழையின்றிச் சுட்டும் ஒரு விரலே.