கலிங்கத்துப்பரணி: பேய்கள் காய்ச்சிய கூழும் ஒரு பெண்ணின் ஊடலும்

புவனேஸ்வரம், கட்டக் பக்கம் பிழைக்க வந்த நம்மவர் வீட்டுப் பிள்ளைகள் என்றாவது ஒரு நாள் கேட்பார்கள்: "நம்ம ராஜா இந்த ஊரை ஜெயிச்சாராமே?" ஜெயித்தார்தான். கி.பி. 1110-ஐ ஒட்டி, முதலாம் குலோத்துங்க சோழனின் படை கருணாகரத் தொண்டைமான் தலைமையில் கலிங்கத்தை வென்றது. செயங்கொண்டார் அதைக் கலிங்கத்துப்பரணியாகப் பாடினார். பெருமைதான். ஆனால் அந்தப் புலவர் போரை எப்படிக் காட்டுகிறார் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாமா?

போரில் ஆயிரம் யானைகளைக் கொன்ற வீரனைப் பாடுவது பரணி என்பது இலக்கணம். வேடிக்கை என்னவென்றால், நூலுக்குப் பெயர் தோற்றவர் பேரில்தான் வைப்பார்கள். வென்றவன் சோழன், பெயர் கலிங்கத்துக்கு!

போரைச் சொல்வது யார் தெரியுமா? ஒரு பேய். களத்தைப் பார்த்துவிட்டு ஓடிவந்து காளியிடம் சொல்கிறது. காளியைச் சுற்றியிருக்கும் பேய்களோ பசியில் வாடிக் கிடப்பவை. மனிதருக்குச் சாவு, அவற்றுக்குச் சாப்பாடு. இந்த ஒரு உத்தியிலேயே வீரமும் கொடூரமும் ஒன்றாக வந்துவிடுகின்றன. சோழன் எவ்வளவு பெரிய வீரனோ, அவ்வளவு பெரிய பந்தி.

அடுத்தது சந்தம். நூல் முழுக்க ஈரடித் தாழிசைகள்தான், ஆனால் ஓசை மாறிக்கொண்டே இருக்கும். படை கிளம்பினால் தாளம் வேகம் பிடிக்கும். வாய்விட்டுப் படித்தால் நாமும் படையோடு ஓடுவோம். யார் வெட்டுப்படுகிறார்கள் என்று யோசிக்க நேரமே இருக்காது. வீரத்தைக் காட்டும் வழி அது.

வேகம் நின்றதும் சமையல் தொடங்குகிறது. இறந்தவர்களின் பல்தான் அரிசி. யானைக் கொம்புதான் உலக்கை. நம் பாட்டிமார் நெல் குத்தும்போது பாடுவார்களே, அதுபோல வள்ளைப்பாட்டில் சோழன் புகழைப் பாடிக்கொண்டே பேய்கள் குத்துகின்றன. அரிசி, உலக்கை, கூழ் எல்லாம் நம் வீட்டுப் பொருள்கள். அதனால்தான் சிரித்துக்கொண்டே படிப்பவருக்கும் நடுவில் வயிற்றைப் புரட்டுகிறது.

தோற்ற வீரர்கள் தப்பித்த விதத்தையும் நகைச்சுவையாகவே சொல்கிறார். வில்லின் நாணைப் பூணூலாகப் போட்டுக்கொண்டு, கங்கையாட வந்த அந்தணர் என்கிறார்கள் சிலர். ரத்தம் தோய்ந்த துணியையே காவியாக்கிச் சாக்கியத் துறவி என்கிறார்கள் வேறு சிலர். கேலிதான், சந்தேகமில்லை. ஆனால் அந்தத் துணியைச் சிவப்பாக்கியது எது என்பதை அவர் மறைக்கவில்லையே!

எல்லாவற்றையும் விட என்னை உலுக்குவது களத்தில் கணவனைத் தேடி வரும் ஒரு பெண். அவன் உதட்டை மடித்துக் கடித்தபடி செத்துக் கிடக்கிறான். உதட்டில் ஏதோ வடு, அதைத்தான் மறைக்கிறாயோ என்று ஊடுகிறாள். அப்படியே அவள் உயிரும் சோர்கிறது. அகப்பாட்டின் ஊடலைக் கொண்டுவந்து பிணத்தின் முன் நிறுத்திவிட்டார் மனுஷர். அவன் எந்தப் பக்கத்து வீரன் என்று அந்தப் பாட்டில் இல்லை. துக்கத்துக்கு ஏது பக்கம்?

இதே கலிங்கத்தில் கி.மு. 261-ஐ ஒட்டி அசோகன் நடத்திய போரை நாம் அறிவோம். 1 லட்சம் பேர் மாண்டார்கள், 1.5 லட்சம் பேர் சிறைபிடிக்கப்பட்டார்கள் என்று வருந்தும் அவனுடைய 13-ஆம் பாறைக் கல்வெட்டு மற்ற இடங்களில் இருக்கிறது, போர் நடந்த கலிங்கத்துத் தௌலியில் இல்லை! அசோகன் வருத்தத்தோடு எண்ணிக்கையைத் தந்தான். செயங்கொண்டாரிடம் வருத்தம் இல்லை. ஆனால் அவர் முகத்தைக் காட்டுகிறார். எண்ணிக்கையை மறந்துவிடலாம், அந்த உதட்டை மறக்க முடியாது.

இன்னொன்று. பரணியில் ஓடி ஒளிவதாகப் பாடப்படும் கலிங்க மன்னன் அனந்தவர்மன் சோடகங்கன்தான். அவன் தாய் ராஜசுந்தரி சோழ இளவரசி. இன்று நாம் குடும்பத்தோடு போய்க் கும்பிடும் புரி ஜகந்நாதர் கோயிலைக் கட்டத் தொடங்கியவனும் அவனே. அடுத்த முறை புரிக்குப் போகும்போது பிள்ளைகளிடம் சோழர் வெற்றியைச் சொல்லுங்கள், அந்த ஊடலையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டையும் எழுதியது ஒரே தமிழ்க் கைதான்.