ஸ்டேஷன் வாசலில் ஒரு நண்பன்

ஒரு தொப்பியிலிருந்து தொடங்குவோம்.

2021 செப்டம்பர் 30. தமிழகக் காவல்துறையில் டி.ஜி.பி-யாக இருந்த பிரதீப் வி. பிலிப் ஓய்வு பெற்ற நாள். அன்று அவர் அணிய விரும்பியது புதுத் தொப்பியை அல்ல. முப்பது வருஷமாக கோர்ட் வசம் இருந்த, ரத்தக்கறை படிந்த பழைய தொப்பியை! 1991 மே 21 இரவு, ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியைக் கொன்ற அந்தக் குண்டுவெடிப்பில் படுகாயம் அடைந்தவர்களில் ஒருவர், இளம் ஏ.எஸ்.பி-யான பிலிப். அவருடைய தொப்பியும் பெயர்ப்பட்டையும் வழக்கில் சான்றுப் பொருள்கள் ஆகிவிட்டன. கடைசி நாளில் அவற்றை அணிந்துகொள்ள மனு போட்டார். ஒரு லட்ச ரூபாய்க்குப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு, தற்காலிகமாகக் கொடுத்தது கோர்ட். அதாவது, சொந்தத் தொப்பி... இரவலாக!

குண்டுவெடிப்பு நடந்து இரண்டு வருஷம் கழித்து, 1993-ல், இதே அதிகாரி ராமநாதபுரம் எஸ்.பி-யாக இருந்தபோது தொடங்கியதுதான் 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' - காவல்துறை நண்பர்கள் இயக்கம். அதைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப்போகிறோம். அதற்கு முன் உங்களிடம் ஒரு கேள்வி. ஒரு புகார் கொடுக்க போலீஸ் ஸ்டேஷன் படி ஏறும்போது உங்களுக்கு உதறல் எடுக்குமா, எடுக்காதா? 'நமக்கெதுக்குங்க வம்பு' என்று பாதி வழியில் திரும்பியவர்கள் நம்மில் எத்தனை பேர்!

இந்த பயம் நேற்று முளைத்ததல்ல. கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம்.

வெள்ளைக்காரன் போலீஸ் வருவதற்கு முன்னால், ஊருக்கு ஊர் தலையாரிகளும் காவல்காரர்களும்தான் காவல். மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் இது ஒரு முறையான ஏற்பாடு. ஊர் காவல்கூலி தரும். பொருள் களவு போனால் காவல்காரன் கண்டுபிடித்துத் தரவேண்டும், இல்லாவிட்டால் ஈடு கட்டவேண்டும். இன்றைய இன்ஷூரன்ஸ் கம்பெனிகூட இவ்வளவு சுலபமாகத் தராது! ஆனால், இதற்கு இன்னொரு முகமும் இருந்தது. 'துப்புக்கூலி' என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா? மாடு காணாமல்போனால் ஒரு ஆளைப் பிடித்துக் கூலி கொடுத்தால், அது கட்டிக்கிடக்கும் இடம் தெரியவரும். துப்புச் சொன்னவருக்கு எப்படித் தெரிந்தது என்று மட்டும் யாரும் கேட்கக்கூடாது. காவலுக்கும் களவுக்கும் நடுவே இருந்த கோடு அவ்வளவு மெல்லியது.

அடுத்து வந்தது கம்பெனி ஆட்சி. வரி வசூலிப்பவனும் குற்றவாளியைப் பிடிப்பவனும் ஒரே ஆள்! விளைவு என்னவாக இருக்கும்? சித்ரவதைப் புகார்கள் லண்டன் பாராளுமன்றம்வரை போயின. மதராஸில் மூன்று பேர் கொண்ட கமிஷன் அமைத்தார்கள். 1855-ல் வந்தது அதன் அறிக்கை. இன்றைக்குப் படித்தாலும் வயிற்றைப் பிசையும். இரண்டு குச்சிகளுக்கு நடுவே விரலை வைத்து நசுக்குவதற்குப் பெயர் 'கிட்டி'. கழுத்தையும் கால் விரலையும் கயிற்றால் இழுத்துக்கட்டி, குனிந்த நிலையிலேயே வெயிலில் நிறுத்துவது 'அண்ணாந்தாள்'. குறுகிய அவகாசத்தில் 1,900-க்கும் மேற்பட்ட புகார்கள் வந்து குவிந்தன. பஸ்ஸும் ரயிலும் இல்லாத காலத்தில், வெகுதூரத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஜனங்கள் மதராஸுக்கு நடந்தே வந்தார்கள். கேட்பதற்கு ஒருவன் இருக்கிறான் என்று தெரிந்ததும் வந்த கூட்டம் அது!

அதன்பிறகுதான் 1859-ல் மதராஸ் மாவட்டப் போலீஸ் சட்டம் வந்தது. வரி வசூல் வேறு, போலீஸ் வேறு என்று ஆனது. ஆனால், புதுப் போலீஸின் அமைப்புக்கு முன்மாதிரி எது தெரியுமா? லண்டன் தெருவில் தடியோடு நடந்த போலீஸ் அல்ல. அயர்லாந்தை அடக்கிவைக்க உருவாக்கிய ஆயுதப் போலீஸ். உடை மாறியது, சட்டம் மாறியது. ஜனங்களின் உதறல் மட்டும் மாறவில்லை. கிட்டியைப் பார்த்திராத பேரனுக்கும் பாட்டி சொன்ன பயம் போய்ச் சேர்ந்தது.

இந்தப் பின்னணியில் 1993-ஐப் பாருங்கள். பொதுஜனத்தை ஸ்டேஷனுக்கு வரச்சொல்வதற்குப் பதில், அவர்களில் சிலரை நண்பர்களாகவே சேர்த்துக்கொள்வது என்ற யோசனை சாதாரணமானதா? குற்றப் பின்னணி இல்லாத, வயது வந்த யாரும் சேரலாம். இளைஞர்கள் உற்சாகமாக வந்தார்கள். ராத்திரி ரோந்தில் கூட நடப்பது, திருவிழாக் கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது, தெருவில் நடப்பதைக் காதில் போட்டுவைப்பது, அக்கம்பக்கத்தாருக்குச் சட்டம் பற்றி எடுத்துச் சொல்வது... இவைதான் வேலை. சம்பளம் கிடையாது. இயக்கம் ராமநாதபுரத்தைத் தாண்டி மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் ரோந்து அல்ல. ஒரு வாலிபன் தினம் ஸ்டேஷனுக்குள் போய்வந்தால், கேஸ் எப்படிப் பதிவாகிறது, கைது செய்தால் என்னென்ன செய்தாக வேண்டும் என்பதெல்லாம் அவனுக்குப் பழகிவிடும். அவன் மூலமாகத் தெருவுக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் சொல்லித்தராத பாடம் அது. இன்னொரு லாபமும் உண்டு. வெளியாள் ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்றால் லட்டியை ஓங்கும் கை கொஞ்சம் தயங்கும். 1855-ல் மதராஸுக்கு நடந்து வந்தவர்களுக்கு ஊரிலேயே இப்படி ஒரு ஆள் இருந்திருந்தால்?

ஆனால், ஒரு இடைவெளி விட்டுப்போயிருந்தது. ஊர்க்காவல் படைக்கு 1963-லேயே தனிச் சட்டம் உண்டு. அதிகாரம் என்ன, பொறுப்பு என்ன என்று எழுதிவைத்திருக்கிறார்கள். 'நண்பன்' என்பதற்கு அப்படி ஒன்றும் கிடையாது. அவன் யாருக்கு நண்பன்? ஜனங்களுக்கா, இன்ஸ்பெக்டருக்கா? நல்ல அதிகாரி இருந்த இடத்தில் அவன் ஊரின் கண்ணாக இருந்தான். மற்ற இடங்களில்? கூப்பிட்ட குரலுக்கு ஓடிவரும் எடுபிடியாக ஆகிவிடுவதற்கு எவ்வளவு நேரமாகும், சொல்லுங்கள்!

2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தது. ஆள் போதாத போலீஸுக்குத் தன்னார்வலர்கள் கை கொடுத்தார்கள். ஜூன் 19 அன்று, சாத்தான்குளத்தில் ஊரடங்கு நேரத்தைத் தாண்டி செல்போன் கடையைத் திறந்து வைத்திருந்ததாக ஒரு தந்தையையும் மகனையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். நான்கு நாட்களுக்குள் இருவரும் உயிரோடு இல்லை. நாடே கொதித்தது. அன்றிரவு ஸ்டேஷனில் 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' இளைஞர்களும் இருந்தார்கள், அவர்களும் அடித்தார்கள் என்று குற்றச்சாட்டு எழுந்தது. அவர்கள் தங்கள் உறுப்பினர்களே இல்லை என்று இயக்கம் மறுத்தது. பிறகு சி.பி.ஐ. தாக்கல் செய்த குற்றப்பத்திரிகையில் இருந்த ஒன்பது பேரும் போலீஸ்காரர்கள்தான். ஆனால், அதுவரை யார் காத்திருந்தார்கள்? ஜூலையிலேயே தமிழக அரசு இயக்கத்துக்குத் தடை போட்டுவிட்டது. 27 வருஷத்து உழைப்பு, மூன்றே வாரத்தில் முடிந்தது.

தடை சரியா தவறா என்று என்னைக் கேட்டால், அந்தச் சூழ்நிலையில் வேறு வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால், ஒன்றைக் கவனித்தீர்களா? அந்த இரவு ஸ்டேஷனுக்குள் யார் யார் இருந்தார்கள் என்றுதான் விவாதம் நடந்தது.

பார்த்ததைச் சொன்னவர் வேறொருவர். விசாரணைக்கு வந்த மாஜிஸ்திரேட்டிடம், இருவரையும் விடிய விடிய அடித்ததையும் லட்டியிலும் மேஜையிலும் ரத்தக்கறை இருந்ததையும் அவர் சொன்னார். வெளியே சக காவலர்கள் நின்றுகொண்டிருக்க, வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடவே பயந்து தயங்கினார், பிறகு போட்டார். அவர் எந்த இயக்கத்திலும் சேர்ந்தவரல்ல. அதே ஸ்டேஷனில் அன்றிரவு டியூட்டியில் இருந்த பெண் தலைமைக் காவலர்.