பானை ஓட்டுக்கு மதிப்புச் சொல்வது யார்?

பாலவாக்கத்தில் ஈசிஆர் ஓரமாக ஒருவர் மண்பானையைக் காட்டி, "ரெண்டாயிரம் வருஷத்துப் பானை" என்று விலை சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தோழர்கள் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இது எங்கே, எந்த ஆழத்தில், எதனோடு சேர்ந்து கிடைத்தது? அதற்குப் பதில் இல்லையென்றால் அந்தப் பானை ஊமை.

உள்ளே கருப்பு, வெளியே சிவப்பு என்று நிறத்தை வைத்தும் காலம் சொல்லிவிட முடியாது. சூளையில் கவிழ்த்துச் சுடும்போது காற்றுப் படாத பக்கம் கருக்கும், பட்ட பக்கம் சிவக்கும். இப்படிச் சுடுவது பல நூற்றாண்டுகள் நீடித்த தொழில்நுட்பம்.

கீழடியில் என்ன செய்தார்கள்? சுட்ட மண்ணுக்கு நேரடியாகக் கார்பன் ஆய்வு செய்ய முடியாது. 2018 அகழாய்வில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரித்துண்டை அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். கி.மு. 580 என்று வந்ததைத் தமிழகத் தொல்லியல் துறை 2019இல் வெளியிட்டது. கரி கிடைத்த மண்ணடுக்கை வைத்துத்தான் அங்குள்ள ஓடுகளுக்கும் வயது கணிக்கிறார்கள். ஓட்டை மட்டும் பெயர்த்து விற்பவன் அதன் வயதையும் சேர்த்தே அழிக்கிறான்.

மதிப்பிடுபவரின் கண்ணிலும் சிக்கல் உண்டு. புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டினார். சின்னச் சக்கரத்தை உருட்டிப் புள்ளி வட்டங்கள் போட்ட, மெல்லிய, பளபளப்பான தட்டுகள் கிடைத்தன. ரௌலட்டட் மட்கலம் என்பார்கள். மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வந்தது என்று அவர் கருதினார். 1983இல் விமலா பெக்லி அதை மறுத்து, இவை இந்தியாவிலேயே செய்யப்பட்டவை என்று வாதிட்டார். பின்னர் நடந்த களிமண் ஆய்வுகள் கங்கைச் சமவெளியைக் காட்டின. நேர்த்தியான பொருளைக் கண்டதும் "இது இவர்கள் செய்திருக்க முடியாது" என்று எண்ணும் பழக்கம் நமக்குத் தெரியாததா? சேரியிலிருந்து படித்து வந்த பிள்ளையின் மதிப்பெண்ணையும் அதே கண்ணால்தானே பார்க்கிறார்கள்?

இது நமக்கு ஏன் முக்கியம்? கல்லிலும் செப்பேட்டிலும் எழுத வைத்தவர்கள் அரசர்களும் நிலவுடைமையாளர்களும். 11ஆம் நூற்றாண்டு தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் வருகின்றன, ஆனால் வரி நீக்கிய நிலக் கணக்காக. அங்கே வாழ்ந்தவர் பெயர் இல்லை. அண்ணல் அம்பேத்கர் தலைமையில் 1927இல் மகாத்தில் எரிக்கப்பட்ட மனுநூல், சண்டாளர் உடைந்த கலத்தில் உண்ண வேண்டும் என்று விதித்தது. இன்று எழுதாத மக்களின் வரலாற்றைத் தேட நம் கையில் இருப்பது அந்த உடைந்த கலங்கள்தான்.

அதே 2018 அகழாய்வில் தமிழி எழுத்துள்ள 56 ஓடுகள் கிடைத்தன. 'குவிரன் ஆதன்' போன்ற பெயர்கள் சாதிப் பட்டம் இல்லாமல் நிற்கின்றன. கையெழுத்து ஆளுக்கு ஆள் மாறுவதால் புழங்கிய மக்களும் எழுதியிருக்கிறார்கள் என்று கருதப்படுகிறது. ஆனால் ஒன்றில் கவனமாக இருப்போம். ஆதன் எங்கள் சாதிக்காரன் என்று இன்று யார் கிளம்பினாலும் அது பொய். நாம் சொன்னாலும் பொய். ஓடு அதைச் சொல்லவில்லை. சொல்லாததைச் சொல்ல வைத்தால் வீலர் செய்த பிழையைத்தான் நாமும் செய்வோம்.

அஸ்திவாரம், கால்வாய், கிணறு தோண்டும் இடத்தில் பழைய ஓடு கண்டால் அதைப் பெயர்க்காதீர்கள். இருந்தபடியே படம் எடுங்கள், இடத்தையும் ஆழத்தையும் குறியுங்கள், வட்டாட்சியர் வழியாக மாவட்ட ஆட்சியருக்கும் தொல்லியல் துறைக்கும் எழுதிக் கொடுங்கள். மண்ணுக்குள் கிடைப்பது பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். நூறாண்டு கடந்த தொல்பொருளை உரிமமின்றி வியாபாரம் செய்வது 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

அந்த மனுவில் இன்னொரு வரியும் சேருங்கள்: மண்வெட்டி பிடித்து அதைக் கண்டெடுத்த தொழிலாளி, தன் பெயர் பதிவாகச் சம்மதித்தால், அந்தப் பெயர். வரலாற்றைத் தோண்டித் தருபவர் பெயர் இந்த முறையாவது விடுபடக் கூடாது.

ஜெய் பீம்!