ஐபிஎம் வரைகலை அட்டைகளில் நிற எல்லை: நினைவகமும் குறிகையும் (1981–1987)

பழைய வரைகலை அட்டைகளைப் பற்றிய வரலாற்றுக் குறிப்புகள் பெரும்பாலும் நான்கு நிறம், பதினாறு நிறம், 256 நிறம் என்னும் ஏறுவரிசையோடு அமைகின்றன. இவ்வரிசை இரு வேறு எல்லைகளை ஒன்றாக்கிவிடுகிறது. திரையில் ஒரே நேரத்தில் எத்தனை நிறங்கள் தோன்றலாம் என்பது ஒன்று; அவற்றை எத்தனை நிறங்களிலிருந்து தெரிவுசெய்யலாம் என்பது மற்றொன்று. முன்னதைப் பெரிதும் வரையறுத்தது அட்டையின் நினைவகம். பின்னதை வரையறுத்தது திரைக்குச் செல்லும் குறிகை.

1981இல் வெளிவந்த சிஜிஏ அட்டையின் நினைவகம் 16 கிலோபைட், அதாவது 16,384 பைட். 320 × 200 அளவுத் திரையில் 64,000 படப்புள்ளிகள் உள்ளன. புள்ளிக்கு இரண்டு பிட் ஒதுக்கினால் 16,000 பைட் செலவாகும். இரண்டு பிட்டால் சுட்டத்தக்கவை நான்கு நிறங்களே. சிவப்பு, பச்சை, நீலம், செறிவு எனத் திரைக்குச் சென்ற நான்கு கம்பிகளோ 16 நிறங்களைத் தர வல்லவை. எனினும் இவ்வகைத் திரையில் பின்னணி நிறம் ஒன்றே பயனர் விருப்பத்துக்கு விடப்பட்டது. ஏனைய மூன்றும் முன்பே வகுக்கப்பட்ட தொகுதிகளாக வந்தன. அக்கால விளையாட்டுகளில் மெஜந்தாவும் சயானும் மிகுந்திருப்பதை ஓவியரின் சுவையாகக் கொள்வது பொருந்தாது.

1984இன் இஜிஏ அட்டையில் நிறக் கம்பிகள் ஆறாயின. 64 நிறங்களிலிருந்து 16 நிறங்களைத் தெரிவுசெய்ய முடிந்தது. ஆனால், 640 × 350 அளவில் 16 நிறங்களுக்கு 1,12,000 பைட் தேவை. அடிப்படை அட்டையில் இருந்ததோ 64 கிலோபைட். ஆகவே, கூடுதல் நினைவகத்துக்குப் பணம் செலுத்தாதவர் அதே அட்டையில், அதே திரையில் நான்கு நிறங்களையே கண்டார். நினைவகத்தின் விலையே இங்கு நிற எல்லையாயிற்று.

1987இல் வந்த விஜிஏ, இலக்கமுறைக் கம்பிகளைக் கைவிட்டுத் தொடர்முறைக் குறிகைக்கு மாறியது. ஒவ்வொரு முதன்மை நிறத்துக்கும் ஆறு பிட். எனவே 64 படிநிலைகள், மொத்தம் 2,62,144 நிறங்கள். படப்புள்ளியில் நிறம் இல்லை. 256 இடங்கள் கொண்ட வண்ணத்தட்டின் வரிசை எண் மட்டுமே உண்டு. தட்டின் ஓரிடத்தை மாற்றினால், அவ்வெண் பெற்ற புள்ளிகள் அனைத்தும் நிறம் மாறும். ஓடும் நீரை மீண்டும் வரையாமலே அசைத்துக்காட்ட நிரலர்கள் இதனைப் பயன்கொண்டனர். 640 × 480 அளவில் 256 நிறங்களுக்கு 3,07,200 பைட் வேண்டும். 256 கிலோபைட் நினைவகம் அதற்குப் போதாமையால் அவ்வளவில் 16 நிறங்களே கிட்டின.

இவ்விரு எல்லைகளின் வேறுபாடு கருப்பு வெள்ளை ஒளிப்படத்தில் தெளிவாகப் புலனாகும். மூன்று முதன்மை நிறங்களும் சம அளவில் சேர்ந்தால் தூய சாம்பல் கிடைக்கும். முதன்மை நிறத்துக்குப் படிநிலைகள் 64 ஆதலின் தூய சாம்பலும் 64 மட்டுமே. தட்டின் எஞ்சிய 192 இடங்கள் இதற்கு உதவா. முகத்தின் மென்னிழல் பட்டை பட்டையாகத் தெரிந்தமைக்கு இதுவும் ஒரு காரணம். நினைவகத்தை எவ்வளவு பெருக்கினும் இக்குறை நீங்காது. மாற்றப்பட வேண்டியது ஆறு பிட் குறிகை மாற்றியே.