குறியும் எழுத்தும்



ஒரு பொருளின்மேல் பொறிக்கப்படும் அடையாளம் அழகுக்கு மட்டும் உரியதன்று. அது யாரோ ஒருவரை நோக்கிப் பேசுகிறது. யாரை நோக்கி என்பதே அதன் வடிவையும் இடத்தையும் முடிவு செய்கிறது.

நல்லூரைத் தலைநகராகக் கொண்டிருந்த ஆரியச்சக்கரவர்த்திகளின் செப்புக் காசினை எடுத்துக்கொள்வோம். ஒரு புறத்தில் நிற்கும் மனித உருவம். மறுபுறத்தில் படுத்திருக்கும் இடபம், அதன்மேற் பிறை, கீழே 'சேது' என்னும் தமிழ்ச் சொல். சேதுகாவலர் எனத் தம்மை அழைத்துக்கொண்ட அம்மன்னருக்கு அச்சொல்லே ஆட்சி முத்திரையாயிற்று. கேகாலைப் பகுதியிலுள்ள கோட்டகமக் கல்வெட்டும் அச்சொல்லோடுதான் தொடங்குகிறது. சந்தையிலே காசைக் கைமாற்றிய உழவனும் கடலோடியும் எழுத்தறிந்தவராயிருத்தல் வேண்டும் என்பதில்லை; இடபம் அவர்களுக்குப் போதும். படிக்கத் தெரிந்தவர்க்குச் சொல் உண்டு. பெருவிரல் நகத்தளவான இடத்தில் இருசாராரையும் கருதி அமைத்த அக்கம்மியனின் மதிநுட்பத்தை நான் பலகாலும் வியந்ததுண்டு. 1619இல் போர்த்துக்கேயர் அவ்வரசைக் கைக்கொண்டனர். காசு மறைந்தது, இடபமோ இன்றும் நந்திக்கொடியிற் பொருள் குன்றாது விளங்குகிறது. அதனை அறிந்த மக்கள் இருக்கின்றனர் அல்லவா?

இனி, யாழ்ப்பாண நகரை அடுத்த ஆனைக்கோட்டைக்கு வருவோம். 1980இல் பேராசிரியர் கா. இந்திரபாலா தலைமையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் அங்கே நிகழ்த்திய அகழாய்வில், பெருங்கற்காலப் புதைகுழியொன்றிற் சிறு முத்திரையொன்று கிடைத்தது. அதிலே இரண்டு வரிகள். கீழ்வரி பிராமி எழுத்து. அதனைக் 'கோவேத' என வாசித்து, தலைவன் ஒருவனின் பெயரெனக் கருதினர். எழுத்தமைதி கொண்டு கி.மு. 3ஆம் நூற்றாண்டினதாகக் கணித்தனர். மேல்வரியோ எழுத்தன்று, குறிகள். இத்தகைய குறிகள் தமிழகத்திலே கொடுமணல், கீழடி முதலிய இடங்களின் பானையோடுகளிலும் உள்ளன. இரு வரியும் ஒரே செய்தியைச் சொல்கின்றன என்பார் உளர். அது கருத்தேயன்றி முடிந்த முடிபன்று. குறியை மேலே வைத்ததனால், அன்று எழுத்தினும் அதுவே பலருக்கும் பழகியது என எண்ண இடமுண்டு.

இது வியப்புக்குரியதன்று. என் இளமையில் எங்கள் ஊர் மாடுகளின் தொடையிற் குறிசுட்டிருந்தனர். பாட்டனார் தொலைவிலிருந்தே இன்னார் வீட்டு மாடென்று சொல்வார். அக்குறிகளுள் ஒன்றையேனும் இன்று என்னால் விளக்க இயலாது.

வகுப்பிலே ஆனைக்கோட்டை முத்திரையின் படத்தைக் காட்டும்போதெல்லாம் மாணாக்கர் முதலிற் கேட்பது மேல்வரியைப் பற்றியே. கீழ்வரியைப் படித்துக் காட்டுகிறேன். மேல்வரியைக் கரும்பலகையில் வரைந்து மட்டும் காட்டுகிறேன்.